லண்டனில் சின்ன இடங்களில் பேண்டு பார்க்கப் போகிறவர்கள் இங்கே வரவும்

மழைக்கோட்டு

ஓ2, வெம்ப்ளி மாதிரி பெரிய அரங்குகள் பற்றி இங்கே இழைகளுக்குப் பஞ்சமே இல்லை. எந்த பிளாக்கில் டிக்கெட் எடுத்தால் மேடை தெரியும் என்பது வரை பேசி முடித்தாயிற்று. இந்த இழை பப்புக்குப் பின்னால் இருக்கிற அறைகளுக்கு. நூறு பேர் நின்றாலே தோளோடு தோள் இடிக்கும். மேடை முழங்கால் உயரம். யாரும் பெயர் கேள்விப்படாத நான்கு பேண்டு. டிக்கெட் பெரும்பாலும் பத்து பவுண்டுக்குள் முடிந்துவிடும்.

சனிக்கிழமை ராத்திரி கேம்டனில் டப்ளின் காஸில் போயிருந்தேன். பார்க்வே தெரு. மேட்னஸ் பேண்டு 1979-இல் தொடர்ந்து வாசித்துப் பெயர் எடுத்த பப். முன்னால் சாதாரண பார்தான், பெரியவர்கள் உட்கார்ந்து ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்கதவைத் தள்ளினால் இன்னொரு உலகம்.

முதல் பேண்டு எட்டு மணிக்கு ஏறியது, மூன்றே பேர். கேட்க நின்றது நான், பேஸ் வாசிக்கிற பையனின் பெற்றோர் என்று பார்த்தாலே தெரிகிற ஒரு ஜோடி, அடுத்து வாசிக்க வேண்டிய பேண்டு ஆட்கள். அவ்வளவுதான். இரண்டாவது பாட்டில் கிட்டார் கம்பி படீரென்று அறுந்தது. ட்ரம்மர் நிறுத்தவே இல்லை. பேஸ் பையனும் அதே நாலு ஸ்வரத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தான். கிட்டார் வாசித்த பெண் மேடையிலிருந்தே குனிந்து கையை நீட்டினாள். கீழே நின்ற அடுத்த பேண்டுக்காரன் ஒரு வார்த்தை பேசவில்லை, தன் பெட்டியைத் திறந்து கிட்டாரை எடுத்துக் கொடுத்தான். பட்டை அவன் உயரத்துக்கு வைத்தது, அவளுக்குக் கிட்டார் முட்டி வரை தொங்கியது. அப்படியே மாட்டிக்கொண்டு விட்ட வரியிலிருந்து பாட்டை எடுத்தாள் பாருங்கள்! பாட்டு சுமார்தான். ஆனால் இந்த ஒரு நிமிஷத்தை வெம்ப்ளியில் பார்க்க முடியாது. அங்கே கம்பி அறுந்தால் ஓர் ஆள் ஓடி வந்து மாற்றுக் கிட்டார் கொடுத்துவிட்டுப் போவார், நமக்குத் தெரியக்கூடத் தெரியாது.

மூன்றாவதாக வந்த பேண்டு உண்மையிலேயே அசத்தல். கடைசியில் வந்தவர்கள்தான் அன்றைய 'பெரிய' பேண்டாம். அவர்கள் ஏறும்போது பாதிக் கூட்டம் கலைந்துவிட்டது, காரணம் எனக்குப் புரியவில்லை.

ஒரு சந்தேகம். பின்னறை வாசலில் மேசை போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "யாரைப் பார்க்க வந்தீங்க?" என்று கேட்டு, ஒரு தாளில் நான்கு பேண்டு பெயருக்கு எதிரே கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அது எதற்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

டூட்டிங் அண்ணை

தம்பி, டப்ளின் காஸில் எண்டு பார்த்த உடன பழசெல்லாம் கிளம்பிட்டுது. நான் 91-ல வந்தனான். பெற்றோல் ஷெட்டில இரவு வேலை. என்னோட வேலை செய்த ஐரிஷ்காரன் ஒருத்தன் ஒரு கோஷ்டியில பேஸ் அடிக்கிறவன். லீவு நாளில என்னையும் இழுத்துக்கொண்டு போவான். இங்கிலீஷ் பாட்டு எனக்கு ஒண்டும் விளங்காது, ஆனா ஊரில கோயில் திருவிழாவுக்கு விடிய விடிய இசைக்கோஷ்டி பார்த்த ஆக்களுக்கு ஸ்பீக்கருக்கு முன்னால நிக்கிறது புதுசே?

அப்ப நாங்கள் போன இடம் கனக்க இப்ப இல்லை. கென்டிஷ் ரவுணில புல் அண்ட் கேற் எண்டு ஒரு பப், பின்னுக்கு ஹோல். 2013-ல பாட்டை நிப்பாட்டிச் சாப்பாட்டுக் கடையாக்கிப் போட்டாங்கள். டென்மார்க் தெருவில 12 பார் கிளப், 2015 சனவரியில பூட்டு. அது எவ்வளவு சின்னன் எண்டால், ஆறு பேர் மேடையில ஏறினால் ஏழாவது ஆள் சனத்துக்குள்ள நிண்டுதான் ஊத வேணும். சாரிங் குறொஸ் றோட்டு அஸ்ரோறியா பெரிய இடம், ரெண்டாயிரம் பேர் கொள்ளும், அதையும் 2009-ல ரெயில் பாதைக்கெண்டு இடிச்சாங்கள். மேயர் ஒஃபிஸ் கணக்கில 2007-ல லண்டன் முழுக்க 136 சின்ன இடம், 2015-ல 88.

அந்தக் கோடு போடுற விசயம் அப்பவும் இருந்தது. வடிவான விளக்கம் ஆராவது பெடியள் சொல்லுவினம்.

ட்ரம்செட்

நான் சொல்கிறேன். ஊர் கோயம்புத்தூர். இங்கே ஒரு பேண்டில் ட்ரம்ஸ் வாசிக்கிறேன். பெயர் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது, அதுதானே இந்த இழையின் தகுதியே.

அந்தக் கோடுதான் எங்கள் சம்பளம். யார் பெயரைச் சொல்லி எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று எண்ணி, அதன்படி வசூலைப் பிரிப்பார்கள். சில இடங்களில் முதல் பத்துப் பதினைந்து பேர் கணக்கிலேயே வராது, அதற்கு மேல் வந்தால்தான் பங்கு. நீங்கள் கடைசி பேண்டு பெயரைச் சொன்னால் முதலில் வாசித்த அந்தக் கம்பி அறுந்த பெண்ணுக்கு ஒன்றும் போகாது. அதனால் எனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் நான் சொல்வது, யாரையும் தெரியாமல் சும்மா போகிறீர்களா? போஸ்டரில் அடியில் இருக்கிற பெயரைச் சொல்லுங்கள்.

கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன். இது எந்த இடத்தின் கணக்கும் இல்லை, ஓர் உதாரணம்தான். 60 பேர், தலைக்கு 8 பவுண்டு, மொத்தம் 480. நடத்துகிறவர் வாட் பதிவு செய்தவர் என்றால் அதில் 80 அரசுக்கு. மிச்சம் 400. பாட்டு எழுதியவர்களுக்கான உரிமைத் தொகை 4.2 சதவீதம், அதாவது ஒரு 17. சவுண்ட் பார்க்கிறவருக்கு 120, வாசலில் உட்கார்ந்தவருக்கு 60, விளம்பரத்துக்கு ஒரு 30. கையில் நிற்பது 173. நான்கு பேண்டு பிரித்தால் ஆளுக்கு 43. நான்கு பேர் கொண்ட பேண்டு என்றால் தலைக்கு பத்து பவுண்டு சொச்சம். என் சின்பல் (ட்ரம்ஸின் பித்தளைத் தட்டு) பையை டியூப் ரயிலில் தூக்கிக்கொண்டு போய் வருகிற செலவுக்கும் ஒரு சாண்ட்விச்சுக்கும் சரி. ரிகர்சல் அறை வாடகை தனி.

இதில் அந்த இடத்துக்கு என்ன போச்சு பார்த்தீர்களா? ஒன்றுமே இல்லை. அவர்கள் பிழைப்பது பாரில். டிக்கெட் காசு உங்களை உள்ளே கொண்டுவந்து நிறுத்துகிறது, பீர் காசுதான் வாடகை கட்டுகிறது.

பாதிக் கூட்டம் ஏன் கலைந்தது என்றால், அவர்கள் மூன்றாவது பேண்டின் நண்பர்கள். கடைசி டியூப், நாளைக்கு வேலை என்று கிளம்பிவிடுவார்கள். எங்கள் எல்லோருக்கும் இதில் வயிற்றெரிச்சல் உண்டு, ஆனால் நாங்களும் அதையேதான் செய்கிறோம்.

வெம்ப்ளி வாசு

எல்லாம் சரி. எட்டு பவுண்டு கொடுத்து, கால் வலிக்க நின்று, சுமாரான பாட்டை நான் ஏன் கேட்க வேண்டும்? மழைக்கோட்டே "பாட்டு சுமார்தான்" என்று எழுதியிருக்கிறார். அந்த எட்டு பவுண்டுக்கு சரவண பவனில் டிபன் முடித்துவிட்டு வீட்டில் நல்ல ஹெட்ஃபோனில் உலகத்திலேயே சிறந்த பாட்டைக் கேட்கலாம். 2025 செப்டம்பரில் வெம்ப்ளியில் கோல்ட்ப்ளே பார்த்தேன். டிக்கெட் நூறைத் தாண்டியது, ஒரு பைசா வீணில்லை. கையில் மாட்டிய பட்டை எல்லாம் ஒன்றாக ஒளிரும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கஷ்டப்படுகிற கலைஞன் என்ற ஒரே காரணத்துக்காகக் கை தட்ட என்னால் முடியாது.

கச்சேரிப்பித்தன்

மயிலாப்பூர்லேர்ந்து ஒரு குரல். வாசு சார் சொல்றதை நாங்க டிசம்பர்ல வருஷா வருஷம் கேட்கறோம். மத்தியானம் பன்னிரண்டு மணி ஸ்லாட்ல ஒரு பொண்ணு தோடி பாடிண்டிருப்பா. டிக்கெட் கிடையாது. உள்ளே இருபது பேர், அதுல ஆறு பேர் சொந்தக்காரா, ரெண்டு பேர் ஏசிக்காகத் தூங்க வந்தவா. வெளியே கேன்டீன்ல வாழைக்காய் பஜ்ஜிக்கு நிக்கற கியூ தெருமுனை வரைக்கும். அந்தப் பன்னிரண்டு மணி ஸ்லாட் இல்லேன்னா சாயங்காலம் ஏழு மணி ஸ்லாட்டுக்கு ஆள் எங்கேர்ந்து வரும்?

ஆனா ஒரு வித்தியாசம் எனக்கு இடிக்கறது. சபாவைத் தாங்கறது ஸ்பான்சர். பேங்கும் நகைக்கடையும் பேனர் கட்டும். உங்க ஊர்ல சாராயம் தாங்கறது. குடிக்காதவன் உள்ளே வந்தா அந்த இடத்துக்கு நஷ்டம்னு ஆயிடறதே? இது என்ன நியாயம்?

ட்ரம்செட்

@வெம்ப்ளி வாசு: உங்கள் கோல்ட்ப்ளே 1998-இல் ஸ்டார்ஃபிஷ் என்ற பெயரில் முதல் முதலாக மேடை ஏறியது கேம்டனில் லாரல் ட்ரீ என்கிற பப்பில். அன்றைக்கு அவர்கள் எப்படி வாசித்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? சுமாராகத்தான். இன்னொன்று, 2025-இல் வெம்ப்ளி, ஹல் இரண்டு ஊர் நிகழ்ச்சிகளின் வருமானத்தில் அவர்கள் 10 சதவீதத்தை மியூசிக் வென்யூ டிரஸ்டுக்குக் கொடுப்பதாக அறிவித்தார்கள். சின்ன இடங்களைக் காப்பாற்ற 2014-இல் தொடங்கிய அமைப்பு அது. ஆக நீங்கள் கொடுத்த நூற்றுச் சொச்சத்தில் ஒரு பங்கு ஏற்கெனவே ஏதோ ஒரு பப்பின் பின்னறைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். நன்றி அண்ணா!

@கச்சேரிப்பித்தன்: நீங்கள் சொல்வதுதான் இப்போது இங்கே பெரிய தலைவலி. இளைஞர்கள் முன்பு போலக் குடிப்பதில்லை. அந்த டிரஸ்டின் அறிக்கையில் 2023-இல் மட்டும் 125 இடங்கள் நேரடி இசையை விட்டன அல்லது மூடின. மிச்சமிருந்த இடங்களின் சராசரி லாபம் 0.5 சதவீதம். நூறு ரூபாய் புரண்டால் ஐம்பது பைசா. 38 சதவீத இடங்கள் நஷ்டத்தில். பாத் நகரில் 1978-லிருந்து ஓடிய மோல்ஸ் அந்த டிசம்பரில்தான் மூடியது. பெரிய அரங்க டிக்கெட் காசில் ஒரு பங்கை ஒதுக்கிச் சின்ன இடங்களுக்குத் தர வேண்டும் என்று நாடாளுமன்றக் குழு 2024-இல் பரிந்துரைத்ததே இதனால்தான். அரசும் ஆமாம் என்றது, ஆனால் விருப்பப்பட்டவர்கள் கொடுத்தால் போதும் என்று விட்டுவிட்டது.

குடிக்காதவர் என்ன செய்யலாம் என்றால், நானும் மேடை ஏறும் நாளில் தொடுவதில்லை. ஆல்கஹால் இல்லாத பீர் வாங்குகிறேன், அதிலும் கடைக்குக் கிட்டத்தட்ட அதே லாபம். குழாய்த் தண்ணீரையே குடித்துக்கொண்டு நான்கு பேண்டு கேட்டுவிட்டு வருவது சட்டப்படி தப்பில்லை. நானாக இருந்தால் ஒரு லைம் சோடாவாவது வாங்குவேன்.

மழைக்கோட்டு

வாசு அண்ணா, நான் சுமார் என்று எழுதினது பாட்டை. அந்த ராத்திரியை இல்லை. வீட்டில் ஹெட்ஃபோனில் கேட்கும்போது பாட்டு முடிந்த பொருளாக வருகிறது. அங்கே அது வெந்துகொண்டிருக்கும்போதே மூடியைத் திறந்து பார்க்கிறோம். உப்புக் குறைவு, அடி பிடிக்கிறது, எல்லாம் தெரியும். எனக்கு அதில் ருசி. உங்களுக்கு இல்லை என்றால் சண்டை இல்லை.

ஆனால் மூன்றாவது பேண்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இரண்டு கிட்டார், ஒரு சாக்ஸஃபோன், பாடுகிறவள் பாடவே இல்லை, ஏலம் விடுகிற மாதிரி பேசிக்கொண்டே போனாள். வாடகை வீட்டில் பூஞ்சை பிடித்த சுவரைப் பற்றி ஒரு பாட்டு. வீட்டுக்காரருக்கு எழுதிய மின்னஞ்சல்களை அப்படியே வாசித்தாள், ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் சாக்ஸ் ஒரு படி மேலே ஏறியது. "அன்புடன்" என்று அவள் முடிக்கும்போது மொத்த அறையும் கத்தியது. இந்த ஊரில் வாடகைக்கு இருக்கிற எவனுக்கும் அந்தப் பாட்டு புரியும். முடிந்ததும் அவளே கீழே இறங்கி வந்து அட்டைப்பெட்டியில் டிஷர்ட் விற்றாள்.

அகல்யா_ஈஸ்ட்ஹாம்

இதை வாசிச்சுக்கொண்டே இருந்தனான், எழுதுறதோ விடுறதோ எண்டு யோசிச்சு. எனக்கு ஒரு மகள், பதினாறு வயசு. அவவுக்கு உந்த மாதிரி கோஷ்டியள் எண்டால் உயிர். பிறிக்ஸ்ரன் வின்ட்மில் எண்டு ஒரு இடத்தின்ர பேரை வீட்டில ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கேக்கிறன். போக விடச் சொல்லி ஒரே கரைச்சல். அவர் மாட்டன் எண்டுறார். நான் நடுவில.

குடிக்கிற இடம், இரவு, காது போகும் எண்டு பயம், திரும்பி வாறது எப்பிடி? தெரிஞ்ச ஆக்கள் ஒளிக்காமல் சொல்லுங்கோ.

ட்ரம்செட்

அக்கா, உங்கள் மகளுக்கு நல்ல ரசனை. வின்ட்மில் என்பது பிரிக்ஸ்டன் ஹில்லை ஒட்டி பிளென்ஹைம் கார்டன்ஸ் என்ற தெருவில் இருக்கிற சின்ன பப். பக்கத்திலேயே 1816-இல் கட்டிய நிஜக் காற்றாலை நிற்கிறது, பெயர் அதனால்தான். 150 பேர் கொள்ளும். ஷேம், கோட் கேர்ள், பிளாக் மிடி, பிளாக் கன்ட்ரி நியூ ரோடு என்று கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் இங்கிருந்து கிளம்பிய நல்ல கிட்டார் பேண்டுகளில் பல அந்த அறையில் வளர்ந்தவை. 2020 டிசம்பரில், கோவிட் நேரம், கடைசி இரண்டு பேண்டும் சேர்ந்து அந்தப் பப்புக்காகவே இணையத்தில் நிகழ்ச்சி நடத்திப் பணம் திரட்டினார்கள். ஒரு பப்புக்காகப் பேண்டு கச்சேரி நடத்திப் பணம் திரட்டுகிறது என்றால் அந்த இடம் அவர்களுக்கு என்ன செய்திருக்கும் என்று பாருங்கள்.

வயசு விஷயம் இடத்துக்கு இடம், நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும். டிக்கெட் பக்கத்தில் 18+ என்றோ, 14-க்கு மேல் பெரியவருடன் என்றோ போட்டிருக்கும். போடவில்லை என்றால் அந்த இடத்துக்கே எழுதிக் கேளுங்கள், பதில் போடுவார்கள். 18+ என்றால் விட்டுவிடுங்கள். வாசலில் நின்று கெஞ்சிப் பயனில்லை, அவர்களுடைய உரிமம் போய்விடும்.

முதல் தடவைக்கு இசைத்தட்டுக் கடையில் நடக்கிற நிகழ்ச்சிக்குக் கூட்டிப் போங்கள். பிரிக் லேன் பக்கம் ரஃப் ட்ரேட் ஈஸ்ட் இருக்கிறது. புது ஆல்பம் வந்த பேண்டு கடைக்குள்ளேயே மேடையில் வாசிப்பார்கள். சீக்கிரம் தொடங்கிச் சீக்கிரம் முடியும். ஆல்டுகேட் ஈஸ்ட்டுக்கு நடந்து வந்தால் ஈஸ்ட்ஹாமுக்கு நேர் டியூப்.

காது: இதில் விளையாட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை நடக்கும் இடங்களுக்கு வைத்த வரம்பு, பதினைந்து நிமிஷச் சராசரி 100 டெசிபல். தாழ்வான கூரை, என்னைப் போல ஒரு ட்ரம்மர், சின்பல் உங்கள் காதிலிருந்து ஆறடி. யோசித்துப் பாருங்கள். மஞ்சள் பஞ்சு அடைப்பான் மேல் ஸ்தாயியை எல்லாம் தின்றுவிடும், தண்ணீருக்குள் கேட்கிற மாதிரி இருக்கும். வடிகட்டி வைத்த ரப்பர் அடைப்பான் இருபது பவுண்டுக்குள் கிடைக்கிறது. பாட்டு அப்படியே கேட்கும், சத்தம் மட்டும் குறையும். எனக்கு இடது காதில் ஒரு விசில் சத்தம் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. அது வந்த பிறகு போகாது.

நிற்க நல்ல இடம் சவுண்ட் மேசைக்கு முன்னால். அந்த ஆள் தன் காதுக்குத்தானே சரி செய்கிறார்!

டூட்டிங் அண்ணை

பிள்ளை அகல்யா, நீங்களும் கூடப் போங்கோ. ஒருத்தரும் உங்களை விநோதமாப் பார்க்க மாட்டினம். என்ர வயசில தலை நரைச்ச வெள்ளையள் எத்தினை பேர் பின்சுவரில சாய்ஞ்சு நிக்கிறாங்கள் எண்டு போய்ப் பாருங்கோ. பேர் தெரியாத கோஷ்டி எண்டால் அவங்களுக்குத்தான் பைத்தியம்.

வீடு வாறது: கனக்க பப்பில பாட்டு பதினொரு மணியோட சரி. 2012-ல ஒரு சட்டம் வந்தது, மது விக்க லைசென்ஸ் உள்ள இடத்தில காலமை எட்டில இருந்து இரவு பதினொரு மணி வரைக்கும், 200 சனத்துக்குள்ள எண்டால் பாட்டுக்கெண்டு தனி அனுமதி தேவையில்லை. 2015-ல அதை 500 ஆக்கினவை. பதினொண்டுக்கு முடிஞ்சால் சாதாரண ரியூபே ஓடும். பிந்தினால், வெள்ளி சனி இரவில விக்ரோறியா, சென்ரல், ஜூபிலி, நோர்தேர்ண், பிக்கடிலி லைன் விடிய விடிய ஓடும். டிஸ்ரிக்ற் லைன் ஓடாது, அதால ஈஸ்ட்ஹாம் ஆக்கள் ஸ்ராற்ஃபோர்ட்டில இறங்கி பஸ் பிடிக்க வேணும்.

இன்னொரு கதையும் சொல்ல வேணும். தோல் நிறத்தால உள்ளுக்கு ஏதும் சொல்லுவினமோ எண்டு எங்கட சனம் பயப்பிடும். சனத்தால எனக்கு ஒரு நாளும் பிரச்சினை வரேல்லை. சட்டம்தான் வேற மாதிரி இருந்தது. 696 எண்டு பொலிசின்ர ஒரு படிவம், 2005-ல இருந்து. நிகழ்ச்சி வைக்கிறவை பாடுறவையின்ர பேர், விலாசம், பிறந்த திகதி எல்லாம் முன்கூட்டியே குடுக்க வேணும். முதல் வந்த படிவத்தில எந்த இனச் சனம் வரும் எண்டும் ஒரு கேள்வி! கிட்டார் அடிக்கிற வெள்ளைப் பெடியளுக்கு அது பெரிசாப் படேல்லை. கறுப்புப் பெடியளின்ர கிரைம் (grime, குற்றம் இல்லை, ஒரு ராப் வகை), கராஜ் பாட்டு நிகழ்ச்சியள்தான் கடைசி நேரத்தில நிண்டது. 2017 நவம்பரில எடுத்தாங்கள். சின்ன இடம் எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சின்னனா இருக்கேல்லை எண்டதுக்குச் சொன்னன்.

கச்சேரிப்பித்தன்

அண்ணா, இது எனக்குப் புது செய்தி. இங்கேயும் எந்த மேடையில எந்தப் பாட்டு ஏறலாம்னு எழுதாத படிவம் ஒண்ணு ரொம்ப நாளா உண்டு. 2018 ஜனவரில கீழ்ப்பாக்கத்துல தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் கச்சேரி நடந்தது. கானா, பறை, ராக், ராப் எல்லாம் ஒரே மேடை. சபா பக்கமே போகாத கூட்டம் அது. அங்கேர்ந்து எங்க தெருவுக்கு ஆறு கிலோமீட்டர் இருக்குமா?

மழைக்கோட்டு

பித்தன் சார், அது தனி இழைக்கு உரிய விஷயம். தொடங்குங்கள், நான் வருகிறேன்.

ட்ரம்செட்டிடம் ஒரு கேள்வி. பேண்டுக்காரர்களே காசு கட்டி வாசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நிஜமா?

ட்ரம்செட்

நிஜம். எங்களுக்கே நடந்தது. ஊர் பேரோ ஆள் பேரோ சொல்ல மாட்டேன். இருபத்தைந்து டிக்கெட்டை எங்களிடம் முன்பணத்துக்கு விற்றார் ஒருவர். விற்றால் உங்களுக்கு லாபம், விற்காவிட்டால் உங்கள் பாடு. என் அலுவலகத்தில் பாதிப் பேருக்குக் கட்டாயக் கலைரசனை ஊட்டினேன். அன்று ஐந்து பேண்டு, எல்லோரும் இப்படியே வாங்கினவர்கள், ஆளுக்கு இருபது நிமிஷம். போஸ்டர் கூட ஒட்டவில்லை அவர். எதற்கு ஒட்ட வேண்டும், காசுதான் வந்துவிட்டதே! இசைக்கலைஞர் சங்கம் இந்த முறையை எதிர்க்கிறது. புதிதாகத் தொடங்குகிற பையன்களுக்கு நான் சொல்வது, முன்பணம் கேட்டால் அன்றைக்கு ரிகர்சல் அறையிலேயே வாசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அடுக்குமாடி விவகாரம். பப் ஐம்பது வருஷமாக இருக்கும். பக்கத்தில் புதுக் கட்டடம் எழும்பும், "துடிப்பான இசைப் பகுதி" என்று விளம்பரம் போட்டு வீட்டை விற்பார்கள். வாங்கிக் குடி வந்தவர் முதல் வாரமே சத்தம் என்று கவுன்சிலுக்கு எழுதுவார். 2018-இலிருந்து இங்கிலாந்தின் கட்டடத் திட்ட அனுமதி விதிகளில், புதிதாக வருகிறவர்தான் ஒலித்தடுப்புச் செலவைப் பார்க்க வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் வக்கீல் வைக்க வசதி உள்ள இடத்துக்குத்தான் விதி வேலை செய்கிறது.

நல்லதும் நடக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் தரைக்குக் கீழே 100 கிளப், 1942-லிருந்து இசை நடக்கிற இடம், 1976-இல் பங்க் ராக் இசைத் திருவிழா நடந்த மேடை. அதற்கு 2020-இல் வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் வணிக வரியை முழுசாகத் தள்ளுபடி செய்தது. மனசு வைத்தால் முடியும் என்பதற்கு அது ஒன்று போதும். மற்றவர்களுக்கு ஏன் மனசு வரவில்லை என்பது வேறு கேள்வி.

வெம்ப்ளி வாசு

சரி, எல்லோரும் சேர்ந்து என்னை வில்லன் ஆக்கிவிட்டீர்கள். லாரல் ட்ரீ விஷயம் உண்மையா என்று தேடிப் பார்த்தேன், உண்மைதான். ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. ஒரு கோல்ட்ப்ளே வந்தது, அந்த வருஷம் அதே பப்பில் வாசித்த மற்ற பேண்டுகள் எங்கே? நீங்கள் சொல்கிற கணக்கில் நான் ஆயிரம் சுமாரான பாட்டைக் கேட்டால் ஒரு நல்ல பாட்டு கிடைக்கும். எனக்கு அவ்வளவு ஆயுள் இல்லை.

பூஞ்சை பிடித்த சுவர் பாட்டு மட்டும் கேட்க ஆசையாக இருக்கிறது. என் வீட்டுக் குளியலறையைப் பார்த்து எழுதின மாதிரி இருக்கிறது. இணையத்தில் உண்டா?

மழைக்கோட்டு

இன்னும் பதிவு செய்யவில்லையாம். டிஷர்ட் வாங்கும்போது கேட்டேன். அதனால் நேரில் வந்தால்தான் கேட்க முடியும்! அடுத்த வெள்ளிக்கிழமை கேம்டனிலேயே வேறு ஒரு பப்பில் வாசிக்கிறார்கள். இரண்டாவது பேண்டாக, எட்டே முக்காலுக்கு ஏறுவார்கள். தனிமடலில் விவரம் அனுப்புகிறேன். வாசலில் அவர்கள் பெயரைச் சொல்ல மறக்காதீர்கள்.

அகல்யா_ஈஸ்ட்ஹாம்

ட்ரம்செட் தம்பி, டூட்டிங் அண்ணை, ரெண்டு பேருக்கும் நன்றி. ரஃப் ட்ரேட்டுக்கு ரெண்டு ரிக்கற் எடுத்திட்டன், எனக்கும் அவவுக்கும். அவருக்கு எடுக்கேல்லை. காது அடைப்பான் ரெண்டு சோடி ஓடர் பண்ணிட்டன். மகள் சொல்லுறா, "அம்மா, நீங்கள் வாறதெண்டால் எனக்குப் பக்கத்தில நிக்கக் கூடாது" எண்டு. சவுண்ட் மேசைக்கு முன்னால நிக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன்.

வெம்ப்ளி வாசு

@மழைக்கோட்டு: அனுப்புங்கள். உட்கார நாற்காலி உண்டா? பார்க்கிங் எப்படி?

டூட்டிங் அண்ணை

நாற்காலியாம்! வாசு, காரைக் கொண்டு போகாதேங்கோ. கேம்டனில நிப்பாட்ட இடம் தேடி முடியிறதுக்குள்ள மூண்டாவது கோஷ்டியும் இறங்கியிடும். வெம்ப்ளி பார்க்கில ஜூபிலி லைன் ஏறி, வாட்டர்லூவில நோர்தேர்ணுக்கு மாறுங்கோ. திரும்பி வாறதுக்கும் வெள்ளி இரவு ரெண்டு லைனும் ஓடும். நானும் வரப் பாக்கிறன், அண்டைக்குப் பேரனைப் பாக்க ஆள் கிடைச்சால்.